கவர் லெட்டரில் எண்கள்: எழுத்தாலா, இலக்கத்தாலா?

கேள்வி: கிடங்கு மேற்பார்வையாளர் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். கவர் லெட்டரில் எண்களை எப்படி எழுதுவது என்று குழப்பமாக இருக்கிறது. பத்துக்குக் கீழே இருந்தால் எழுத்தால்தான் எழுத வேண்டும் என்கிறார் ஒரு நண்பர். எல்லாவற்றையும் இலக்கமாகப் போடு, அதுதான் கண்ணில் படும் என்கிறார் இன்னொருவர். சதவீதக் குறி போடலாமா? தேதியை எப்படி எழுதுவது? அனுபவத்தை 5+ என்று போடலாமா? நான் எழுதிய பத்தி இது:

“எனக்குச் சரக்குக் கிடங்குப் பணியில் 5+ வருட அனுபவம் உள்ளது. 01/04/2021 முதல் இத்துறையில் இருக்கிறேன். 12 பேர் கொண்ட டீமை நிர்வகித்து இருப்பு வேறுபாட்டை 75% குறைத்தேன். 3 கிடங்குகளிலிருந்து தினமும் 1000+ ஆர்டர்கள் அனுப்புகிறோம். இதுவரை 15,00,000 ஆர்டர்களைக் கையாண்டிருக்கிறேன். 1 மாத நோட்டீஸில் சேர முடியும்.”

விவரம் தேவைப்பட்டால்: மாதம் 200 பொருள்களை எடுத்து எண்ணிச் சரிபார்ப்போம். பதிவேட்டுக்கும் உண்மையான இருப்புக்கும் உள்ள வேறுபாடு 4 சதவீதமாக இருந்தது, 14 மாதத்தில் 1 சதவீதத்துக்கு வந்தது. ஆர்டர்கள் நாளுக்குச் சராசரியாக 1,040. ரெஸ்யூமேயை இணைத்திருக்கிறேன். கடிதத்தின் தேதி டிசம்பர் 2025.

பதில்: நண்பர்கள் இருவருமே தவறாகச் சொல்லவில்லை. ஆளுக்கொரு மரபைச் சொல்கிறார்கள். செய்தித்தாள் நடையில் ஒன்று முதல் ஒன்பது வரை எழுத்தாலும், 10 முதல் இலக்கத்தாலும் எழுதுவது வழக்கம். நூல் பதிப்பில் நூறு வரைகூட எழுத்தால் எழுதுவது உண்டு. தொழில்நுட்ப அறிக்கைகளில் பெரும்பாலும் எல்லாமே இலக்கம். கவர் லெட்டருக்கென்று தனி விதி கிடையாது. ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசி வரி வரை மாறாமல் இருந்தால் போதும். ஒரு பக்கக் கடிதத்துக்குச் செய்தித்தாள் முறை நன்றாகப் பொருந்தும். அதன் நுணுக்கங்களைப் பிறகு சொல்கிறேன்.

ஏனென்றால் உங்கள் பத்தியில் பெரிய சிக்கல் அது இல்லை. எழுத்தையும் இலக்கத்தையும் எவ்வளவு ஒழுங்குபடுத்தினாலும், அதிலுள்ள மூன்று எண்கள் நேர்காணலில் ஒரு கேள்வியைத் தாங்காது. அவற்றை முதலில் பார்த்துவிடலாம்.

முதலாவது, “5+ வருட அனுபவம்”. உங்கள் ரெஸ்யூமேயில் முதல் வேலை ஏப்ரல் 2021 முதல் மார்ச் 2024 வரை: 36 மாதம். இரண்டாவது வேலை ஜனவரி 2024 முதல் டிசம்பர் 2025 வரை: 24 மாதம். இரண்டையும் கூட்டினால் 60 வருகிறது, அதனால் ஐந்து ஆண்டு என்று எழுதிவிட்டீர்கள். ஆனால் 2024இன் முதல் மூன்று மாதங்கள் இரண்டு வேலைகளிலும் வருகின்றன. இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் உழைத்தாலும் காலம் இரட்டிப்பாகாது. அந்த மூன்றைக் கழித்தால் 57 மாதம், அதாவது 4 ஆண்டு 9 மாதம். ரெஸ்யூமேயைப் பக்கத்தில் வைத்துப் படிப்பவருக்கு இது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். அதன் பிறகு மற்ற எண்களையும் அவர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். விளம்பரம் ஐந்து ஆண்டு கேட்டாலும் 4 ஆண்டு 9 மாதம் என்றே எழுதி அனுப்புங்கள். மூன்று மாதக் குறையைப் பொறுத்துக்கொள்பவர்கள் உண்டு. மிகைப்படுத்திய எண்ணைப் பொறுத்துக்கொள்பவர்கள் அரிது. கூட்டல் குறியையும் விட்டுவிடுங்கள். அது ஐந்தையும் குறிக்கலாம், ஒன்பதையும் குறிக்கலாம்; படிப்பவர் குறைந்ததைத்தான் எடுத்துக்கொள்வார்.

மாதங்களை எண்ணும்போது இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. மார்ச் 2024இலிருந்து ஏப்ரல் 2021ஐக் கழித்தால் 35 என்று வரும். தொடங்கிய மாதம், முடித்த மாதம் இரண்டிலும் முழுதாக வேலை செய்திருந்தால் ஒன்றைக் கூட்டி 36 ஆக்க வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் ஒன்று விடுபட்டால், நான்கு வேலை பார்த்தவருக்கு நான்கு மாதம் காணாமல் போகும்.

இரண்டாவது, “75% குறைத்தேன்”. கணக்கு சரிதான், நான்கு ஒன்றானால் குறைவு 75 சதவீதம். ஆனால் எதிலிருந்து, எதுவரை, எவ்வளவு காலத்தில் என்ற மூன்றும் இல்லாமல் சதவீதம் தனியாக நிற்கிறது. நீங்கள் மாதம் 200 பொருள்களைச் சரிபார்க்கிறீர்கள். அப்படியானால் முன்பு 8 பொருள்களில் வேறுபாடு இருந்தது, இப்போது 2 பொருள்களில் இருக்கிறது. அந்த 2 என்பது அடுத்த மாதம் 3 ஆனால் உங்கள் சாதனை 62.5 சதவீதமாகிவிடும், 1 ஆனால் 87.5 ஆகிவிடும். இவ்வளவு சிறிய எண்ணிக்கையின் மேல் கட்டிய பெரிய சதவீதத்தைத் துறை தெரிந்தவர் நம்பமாட்டார். “4 சதவீதத்திலிருந்து 1 சதவீதமாக, 14 மாதங்களில்” என்று எழுதினால் அவரே கணக்குப் போட்டுக்கொள்வார். அளந்த முறையையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது. ரெஸ்யூமேயில் இதே விஷயத்தை 74.83% என்று போட்டிருக்கிறீர்கள். மாதம் 200 பொருள்களை எண்ணும் அளவீட்டில் ஒரே ஒரு பொருள் மாறினாலே வேறுபாட்டு வீதம் அரை சதவீதப் புள்ளி நகர்ந்துவிடும். அங்கே தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் எழுதுவது இல்லாத நுட்பத்தைக் காட்டுவதாகும். தவிர, கடிதத்தில் 75, ரெஸ்யூமேயில் 74.83 என்று இருந்தால் எது உண்மை என்ற கேள்வி எழும். இரண்டு ஆவணத்திலும் ஒரே எண், ஒரே வடிவில் இருக்க வேண்டும்.

சதவீதமும் சதவீதப் புள்ளியும் வேறு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான்கு சதவீதம் ஒரு சதவீதமானால் குறைந்தது 3 சதவீதப் புள்ளி. “3 சதவீதம் குறைந்தது” என்று எழுதினால் பொருள் மாறி, 4 என்பது 3.88 ஆனது என்றாகிவிடும். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் அடிப்படை வேறு என்பதும் பலரைக் கவிழ்க்கிறது: 80 என்பது 100 ஆனால் 25 சதவீத உயர்வு, திரும்ப 80 ஆனால் 20 சதவீதச் சரிவு. மடங்குக் கணக்கிலும் கவனம் தேவை. நூறு இருநூறானால் அது இரு மடங்கு, அல்லது 100 சதவீத உயர்வு. “இரு மடங்கு அதிகரித்தது” என்று எழுதினால் சிலர் இருநூறு என்றும் சிலர் முந்நூறு என்றும் எடுத்துக்கொள்வார்கள். சந்தேகம் வந்தால் தொடக்க எண்ணையும் முடிவு எண்ணையும் எழுதிவிடுவதே வழி.

மூன்றாவது, 15 லட்சம் ஆர்டர்கள். நாளுக்கு 1,040 ஆர்டர், மாதம் 25 வேலைநாள், 57 மாதம் எனப் பெருக்கினால் 14,82,000 வருகிறது. அதைத்தான் 15 லட்சமாக்கியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அப்படியென்றால் நாளுக்கு ஆயிரம் என்று முன் வரியில் சொன்னதையே பெருக்கி மறுபடியும் சொல்கிறீர்கள். அதுவும் முதல் நிறுவனத்தில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே இதே 1,040 ஆர்டர் இருந்ததாக வைத்துக்கொண்ட கணக்கு. இந்த எண்ணை எடுத்துவிடுங்கள். ஒரு பக்கக் கடிதத்துக்கு மூன்று அல்லது நான்கு சாதனை எண்கள் போதும். அதற்கு மேல் போனால் எதுவும் மனதில் தங்காது.

“1000+” என்பதையும் மாற்ற வேண்டும். சராசரி 1,040 என்று தெரிந்திருக்கும்போது மங்கலான வடிவம் எதற்கு? “நாளொன்றுக்குச் சராசரியாக 1,040” என்று எழுதலாம். “ஏறக்குறைய 1,000” என்றும் எழுதலாம். “ஏறக்குறைய 1,040” என்பது மட்டும் வேண்டாம். தோராயம் என்று சொல்லிவிட்டுத் துல்லியமான எண்ணைப் போடுவது பொருந்தாது.

“12 பேர் கொண்ட டீம்” என்பதில் உங்களையும் சேர்த்து 12 பேரா, உங்களுக்குக் கீழே 12 பேரா? “எனக்குக் கீழ் 12 பேர்” என்றோ “என்னையும் சேர்த்து 12 பேர்” என்றோ தெளிவாக்குங்கள். குழு சேர்ந்து சாதித்ததை எழுதும்போது உங்கள் பங்கு எது என்பதும் தெரிய வேண்டும். ரெஸ்யூமேயில் சைக்கிள் கவுண்ட் முறையை (தினமும் இருப்பின் ஒரு பகுதியை எண்ணுவது) நீங்கள் கொண்டுவந்ததாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். வேறுபாடு குறைந்ததற்குக் காரணமே அதுதான் என்றால், கடிதத்தில் அது இல்லாமல் வெறும் எண் மட்டும் இருப்பது பெரிய இழப்பு. எண் விளைவைக் காட்டும். என்ன செய்து அந்த விளைவு வந்தது என்பதுதான் உங்களை வேலைக்கு எடுப்பதற்கான காரணம்.

இப்போது நீங்கள் கேட்ட எழுத்து, இலக்கப் பிரச்சினை. ஒன்று முதல் ஒன்பது வரை எழுத்தால் என்ற முறையை எடுத்துக்கொண்டால், சில இடங்களில் அதை விட்டு இலக்கத்துக்குப் போக வேண்டும். சதவீதம், பணம், தேதி, அளவு, மதிப்பெண் ஆகியவற்றுக்கு எப்போதும் இலக்கம்: 4 சதவீதம், 6 டன். அனுபவக் காலத்தையும் இந்த வகையில் சேர்த்துவிடலாம். புரட்டிப் பார்ப்பவரின் கண் முதலில் தேடுவது அதைத்தான். ஒரே வாக்கியத்தில் ஒரே வகைப் பொருளை எண்ணும்போது இரண்டு வடிவம் கலக்கக் கூடாது: “மூன்று கிடங்குகளிலிருந்து 14 கிடங்குகளாக” என்பதை “3 கிடங்குகளிலிருந்து 14 கிடங்குகளாக” என்று எழுத வேண்டும். பொருள் வேறானால் கலக்கலாம்: “மூன்று கிடங்குகளில் 12 பேர்” என்பதில் தவறில்லை. இரண்டு எண்கள் அடுத்தடுத்து வந்தால் ஒன்றை எழுத்தாக்குங்கள் அல்லது இடம் மாற்றுங்கள். “12 5 டன் லாரிகள்” என்பதை யாரும் ஒரே மூச்சில் படிக்க முடியாது. “5 டன் லாரிகள் 12” என்றால் தெளிவு.

வாக்கியத்தை இலக்கத்தில் தொடங்காதீர்கள். முந்தைய வாக்கியத்தின் முற்றுப்புள்ளிக்குப் பின் இடைவெளி சிறிது குறைந்தாலும் அது தசமப் புள்ளி போலத் தெரியும். உங்கள் பத்தியில் நான்கு வாக்கியங்கள் இலக்கத்தில் தொடங்குகின்றன. சொற்களை இடம் மாற்றினாலே இது தீர்ந்துவிடும்; தமிழில் அது எளிது.

இலக்கத்தோடு வேற்றுமை உருபு சேரும்போது 2024இல், 2024-இல், 2024ல் என மூன்று வடிவங்களும் புழக்கத்தில் உள்ளன. ஒன்றையே கடைசிவரை பயன்படுத்துங்கள். சதவீதக் குறியைத் தமிழ் வாக்கியத்துக்குள் நான் பரிந்துரைப்பதில்லை. “4%இலிருந்து” என்று உருபு ஒட்டும்போது படிக்கத் தடுக்கும். ரெஸ்யூமேயின் பட்டியல் வரிகளில் குறி போடலாம். கடிதத்தில் “4 சதவீதத்திலிருந்து” என்பதே நல்லது. எழுத்தால் எழுதுகிறவர்கள் பேச்சு வழக்கை விட்டு மூன்று, நான்கு, ஐந்து என்றே எழுத வேண்டும். முந்நூறு, நானூறு, ஐந்நூறு, எண்ணூறு, தொண்ணூறு, தொள்ளாயிரம் ஆகிய சொற்களில்தான் எழுத்துப் பிழை அதிகம் வருகிறது. உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன் “ஓர்”, மற்றவற்றுக்கு முன் “ஒரு”: ஓர் ஆண்டு, ஒரு மாதம்.

தேதியில் உங்கள் 01/04/2021 ஆபத்தானது. சில நாடுகளில் அது ஏப்ரல் 1, சில நாடுகளில் ஜனவரி 4. மாதத்தின் பெயரை எழுதிவிட்டால் எங்கே படித்தாலும் ஒரே பொருள். வேலைக் காலத்துக்கு நாள் தேவையே இல்லை. “ஏப்ரல் 2021 முதல்” போதும். கோப்பின் பெயரிலோ இணையப் படிவத்திலோ இலக்கத்தால்தான் எழுத முடியும் என்றால் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2021-04-01 என்று எழுதுங்கள். ஐஎஸ்ஓ 8601 தரநிலை சொல்லும் வடிவம் அது.

பெரிய எண்களில் காற்புள்ளி எங்கே விழுகிறது என்பதைக் கவனியுங்கள். 15,00,000 என்று பிரிப்பது லட்சக் கணக்கு. அதற்குப் பழகாதவர் அதைத் தட்டச்சுப் பிழை என்றே நினைப்பார். அவருக்கு 1,500,000 என்றோ 1.5 மில்லியன் என்றோ எழுத வேண்டும். கடிதம் யாருக்குப் போகிறதோ அவருடைய முறையைப் பின்பற்றுங்கள். ஒரே கடிதத்தில் லட்சமும் மில்லியனும் கலக்காதீர்கள். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் காற்புள்ளிதான் தசமக் குறி, புள்ளி ஆயிரத்தைப் பிரிக்கும். அங்கே 1.250 என்பது ஆயிரத்து இருநூற்று ஐம்பது. எடைகள் அளவைகளுக்கான பொது மாநாடு 2003இல் இரண்டு தசமக் குறிகளையும் ஏற்றுக்கொண்டு, ஆயிரங்களைப் பிரிக்கப் புள்ளியோ காற்புள்ளியோ வேண்டாம், சிறு இடைவெளி விடலாம் என்றது. இந்தக் குழப்பம் நேரும் இடங்களில் 1 250 000 என்று இடைவெளி விட்டு எழுதுவது பாதுகாப்பு. மில்லியனுக்கு எம் என்ற சுருக்கமும் வேண்டாம். கணக்குத் துறையில் சிலர் அதை ஆயிரத்துக்கும், இரட்டை எம்மை மில்லியனுக்கும் பயன்படுத்துகிறார்கள்.

சம்பள எதிர்பார்ப்பைக் கேட்டிருந்தால் மட்டும் எழுதுங்கள். எழுதினால் எந்த நாட்டு நாணயம், மாதத்துக்கா ஆண்டுக்கா, பிடித்தத்துக்கு முன்பா பின்பா என்ற மூன்றும் எண்ணோடு இருக்க வேண்டும். டாலர் குறி மட்டும் போட்டால் போதாது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் எல்லாவற்றுக்கும் அதே குறிதான். இப்போதைய நிறுவனத்தின் விற்பனைத் தொகை, இருப்பு மதிப்பு போன்றவற்றை அது வெளியிட்டிருந்தாலொழியக் கடிதத்தில் எழுதாதீர்கள். ரகசியத்தைக் காக்காதவர் என்ற எண்ணம் வந்துவிட்டால், அந்த எண் எவ்வளவு பெரியதாக இருந்தும் பயனில்லை.

தொலைபேசி எண் வெளிநாட்டுக்குப் போகும் கடிதத்தில் கூட்டல் குறி, நாட்டுக் குறியீடு, பிறகு எண் என்று வர வேண்டும். உள்நாட்டு அழைப்புக்கு முன்னால் போடும் பூஜ்யத்தைப் பெரும்பாலான நாடுகளில் நீக்கிவிட வேண்டும். விளம்பரத்தில் வேலைக்கான குறிப்பு எண் இருந்தால் பொருள் வரியில் அதை அப்படியே நகலெடுத்து ஒட்டுங்கள். கையால் தட்டினால் பூஜ்யமும் ஆங்கில ஓ எழுத்தும் இடம் மாறிவிடும். அந்த எண்ணுக்குள் காற்புள்ளியும் வரக் கூடாது. விரிதாளிலிருந்து எண்களை ஒட்டும்போது ஒருமுறை சரிபாருங்கள். எக்செல் 5-7 என்பதைத் தேதியாக மாற்றிவிடும், முன்னால் உள்ள பூஜ்யத்தை விழுங்கிவிடும். கடிதத்தில் வரம்பை “5 முதல் 7 வரை” என்று எழுதிவிட்டால் கோட்டுக் குறி பற்றிய கவலையே இல்லை.

வரிக் கடைசியில் “12” நின்று “பேர்” அடுத்த வரிக்குப் போகாமலிருக்க, வேர்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு ஸ்பேஸ் தட்டுங்கள். எண்ணும் அதன் சொல்லும் பிரியாது.

இதே கடிதத்தை ஆங்கிலத்திலும் அனுப்புவதானால் கூடுதலாகச் சில: இருபத்தொன்று முதல் தொண்ணூற்றொன்பது வரை எழுத்தால் எழுதும்போது நடுவில் இணைப்புக் கோடு வேண்டும் (முப்பது, நாற்பது போன்ற முழுப் பத்துகளுக்கு வேண்டாம்). ஃபோரில் உள்ள யூ எழுத்து ஃபார்ட்டியில் வராது. நைன்ட்டியில் ஈ உண்டு, நைன்த்தில் இல்லை. ஃபைவ்-இயர் காண்ட்ராக்ட் என்று பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும்போது இணைப்புக் கோடும் ஒருமையும். ஃபைவ் இயர்ஸ் என்று தனியாக வந்தால் பன்மை, கோடு இல்லை.

கல்வி மதிப்பெண் எழுதினால் மொத்தத்தையும் எழுதுங்கள்: 10க்கு 8.2. மொத்தம் தெரியாத 8.2க்குப் பொருள் இல்லை. அதை நீங்களாகச் சதவீதமாக்க வேண்டாம். உங்கள் கல்வி நிறுவனம் தந்த வாய்பாடு இருந்தால் மட்டும் மாற்றலாம்.

உங்கள் பத்தி இப்படி ஆகலாம்:

“சரக்குக் கிடங்குப் பணியில் எனக்கு 4 ஆண்டு 9 மாத அனுபவம் உண்டு. ஜனவரி 2024 முதல் இப்போதைய நிறுவனத்தில் மூன்று கிடங்குகளின் இருப்பைக் கவனிக்கிறேன். எனக்குக் கீழ் 12 பேர் பணிபுரிகிறார்கள். நாளொன்றுக்குச் சராசரியாக 1,040 ஆர்டர்கள் அனுப்புகிறோம். தினமும் இருப்பின் ஒரு பகுதியை எண்ணும் சைக்கிள் கவுண்ட் முறையை இங்கே கொண்டுவந்தேன். மாதந்தோறும் 200 பொருள்களை எடுத்துச் சரிபார்க்கிறோம். அதில் 4 சதவீதமாக இருந்த வேறுபாடு 14 மாதங்களில் 1 சதவீதமாகக் குறைந்தது. பணியில் சேர ஒரு மாத அறிவிப்புக் காலம் தேவை.”

கடிதத்தை அனுப்பும் முன் இதிலுள்ள ஒவ்வொரு எண்ணையும் ஒரு தாளில் தனித்தனி வரியாக எழுதி, எங்கிருந்து எடுத்தது, எந்தக் காலத்துக்கானது, எப்படிக் கணக்கிட்டது, யார் உறுதிசெய்ய முடியும் என்று பக்கத்தில் குறித்து வையுங்கள். நேர்காணலில் “இந்த 4 சதவீதத்தை எப்படி அளந்தீர்கள்?” என்று கேட்டால் பதில் அந்தத் தாளில் இருக்கும். நான்கில் எதையாவது நிரப்ப முடியாத எண்ணைக் கடிதத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அறிவிப்புக் காலத்தை மட்டும் உங்கள் பணி ஒப்பந்தத்தைத் திறந்து பார்த்து அதில் உள்ளபடியே எழுதுங்கள். ஒப்பந்தம் 30 நாள் என்று சொன்னால் கடிதத்திலும் 30 நாள்தான், ஒரு மாதம் அல்ல.